அழுத்தம் கம்மிதானே என்று தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டாதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது போல்ட், அதாவது சுடும்போது தோட்டாவுக்குப் பின்னால் துப்பாக்கியை அடைத்து நிற்கும் பாகம். அதைப் பூட்டிப் பிடிக்கும் பற்களான லக் இரண்டு உடைந்து, இன்னொன்று விரிசல் விட்டு என் மேசைமேல் கிடக்கிறது. தோட்டாவைத் தானே நிரப்பிச் சுட்டுவிட்டு இதைக் கொண்டு வந்தவரின் விரல்கள் பத்திரமாக இருக்கின்றன, அதுவே பெரிது. ஏன் இப்படி என்று கேட்டால் அதே பழைய பதில்: ".450 புஷ்மாஸ்டர் குறைந்த அழுத்தத் தோட்டாதானே, மருந்து கொஞ்சம் கூடினால் என்ன?"

என்னவா? அழுத்த வரம்பு ஏஆர்-15 துப்பாக்கியின் வழக்கமான தோட்டாவான .223 ரெமிங்டனுக்கு 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .450-க்கு 38,500. குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போல்ட்டைப் பின்னால் தள்ளுவது அழுத்தம் மட்டும் இல்லை. அது எவ்வளவு பரப்பில் அழுத்துகிறது என்பதும் சேர்ந்துதான். .223 கூட்டின் (மருந்தை அடைக்கும் உறையின்) அடி விட்டம் 0.376 அங்குலம், .450-க்கு 0.5. விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. பரப்போ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பெருக்கிப் பாருங்கள்: வரம்புக்குள் நிரப்பிய .450 தோட்டாவே .223-ஐவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகமாகப் போல்ட்டை உதைக்கும். அதே ஏஆர்-15 உடல்தான். போதாக்குறைக்கு, பெரிய கூடு உட்கார வேண்டும் என்று போல்ட்டின் முகத்தை அகலமாகக் குடைந்து வேறு வைத்திருக்கிறார்கள். 38,500-க்கு மேல் யாரும் உங்களுக்காக இடம் விட்டு வைக்கவில்லை.

"பிரைமர் தட்டையாகவில்லையே!" தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் அந்தச் சிறு மூடி தட்டையாகாது, ஐயா. அது உயர் அழுத்தத் தோட்டாக்களில் பார்க்கும் அறிகுறி. இதில் அது தெரியும் வரை காத்திருந்தால் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பீர்கள்.

சரி, மற்றவை. .450 தோட்டா சேம்பரில் (சுடும் முன் அது உட்காரும் அறையில்) நிற்பதே கூட்டின் வாய் விளிம்பில்தான். அதை மடக்கிவிடும் ரோல் கிரிம்ப் வேண்டாம், குண்டைப் பிடிக்க வாயை லேசாக இறுக்கும் டேப்பர் கிரிம்ப் போதும். கூட்டின் நீளத்தை அளக்காமல் நிரப்பாதீர்கள். ஒவ்வொரு பிரைமரையும் விரலால் தடவிப் பாருங்கள், துருத்திக்கொண்டிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஏஆரில் பிரைமரைக் குத்தும் ஊசியைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது, போல்ட் மூடும்போதே அது பிரைமரைத் தொட்டுவிடும். எச்110 போன்ற மருந்தைப் புத்தகம் சொல்லும் தொடக்க அளவுக்குக் கீழே குறைக்கவும் கூடாது. சரியாக எரியாமல் குண்டு பேரலிலேயே நின்றுவிடலாம். சத்தமோ உதையோ வழக்கத்தைவிடச் சோனியாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பேரலைப் பாருங்கள். அடுத்த தோட்டாவை ஏற்றி "பார்க்கலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கூடு சரியாக வெளியே விழவில்லை, அடுத்த தோட்டா ஏறவில்லை என்றால் அதை மருந்தால் தீர்க்கப் பார்க்காதீர்கள். வாயுத் துளை, போல்ட் பின்னால் வரும்போது தாங்கும் பஃபர், மேகசின் என்று பார்க்க எத்தனையோ இருக்கின்றன. போல்ட் முழுசாக இருக்கும்போதே கொண்டு வாருங்கள்.