நடு ஆட்டத்தில் இருளும் திரை

கணினியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது திரை ஒரு கணம் உறைகிறது, கறுக்கிறது. பிறகு வெறும் டெஸ்க்டாப் திரும்பி வருகிறது. திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் நிரலான டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை, மீட்கப்பட்டுவிட்டது என்ற பொருளில் ஒரு குறிப்பு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுடன் ஏறியிருக்கும். இதைப் பார்த்ததுமே கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். அந்தக் குறிப்பு சொல்வதோ ஒன்றே ஒன்றுதான்: கொடுத்த வேலைக்குக் குறித்த நேரத்தில் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அதில் இல்லை.

குறித்த நேரம் என்பது 2 வினாடி. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் இந்தக் கெடுவை வைத்திருக்கிறது. அதற்குள் கார்டின் சில்லு அசையாவிட்டால், அது சிக்கிக்கொண்டதாகக் கருதிச் சில்லையும் டிரைவரையும் மீட்டமைத்துவிடும். ஒரே நிமிடத்தில் இது ஐந்து முறைக்கு மேல் நடந்தால் விண்டோஸே நின்றுபோய் நீலத் திரைதான். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இந்தக் கெடுவைப் பத்து வினாடியாக நீட்டச் சொல்லும் ஆலோசனை இணையத்தில் சுற்றுகிறது. உண்மையிலேயே சிக்கிவிட்ட சில்லு பத்தாவது வினாடியிலும் சிக்கித்தான் இருக்கும். உறைந்த திரையைக் கூடுதலாக எட்டு வினாடி பார்க்கலாம், அவ்வளவே.

சில்லு ஏன் சிக்குகிறது? இன்றைய கிராஃபிக்ஸ் சில்லுகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வெப்பமும் மின்சாரமும் இடம்கொடுக்கும்வரை தம் கடிகார வேகத்தைத் தாமே ஏற்றிக்கொள்கின்றன. வேகம் ஏற ஏற, ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் கணக்கை முடிக்க டிரான்சிஸ்டர்களுக்கு அதிக மின்னழுத்தம் தேவை. அந்த அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலும், விடை வந்து சேர்வதற்குள் அடுத்த துடிப்பு முந்திவிடும். தவறான பிட் பதிவாகும். அது ஒரு நிறப்புள்ளியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. நினைவக முகவரியில் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

கனமான சோதனை நிரலை மணிக்கணக்கில் தாங்கிய கார்டு, சாதாரண விளையாட்டில் சாய்வதும் இதனால்தான். தொடர்ச்சியான பெருஞ்சுமையில் மின்வரம்பு குறுக்கிட்டு வேகத்தைக் கீழே இழுத்துவிடுகிறது. விளையாட்டிலோ சுமை கணத்துக்குக் கணம் மாறுகிறது. சுமை குறையும்போது வேகம் உச்சிக்குப் போகும். அந்த உச்சியில் சுமை திடீரென்று ஏறினால் மின்னழுத்தம் தாழும்.

2020 செப்டம்பரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வெளிவந்தபோது நடந்தது ஏறக்குறைய இதுதான். வேகம் 2,000 மெகாஹெர்ட்ஸை நெருங்கித் தாண்டும்போது பலருடைய கார்டுகள் விளையாட்டைக் கைவிட்டன. சில்லுக்குப் பின்புறம் மின்னழுத்தத்தைச் சீராக்கும் மின்தேக்கிகள் மீது சந்தேகம் விழுந்தது. அந்தக் கார்டுகளைத் தயாரித்த ஈவிஜிஏ நிறுவனம், ஆறு பெரிய மின்தேக்கிகள் சோதனையில் தேறாததால் நான்காகக் குறைத்து, இருபது சிறிய பீங்கான் மின்தேக்கிகளைச் சேர்த்ததாக அறிவித்தது. ஆனால் என்விடியாவின் 456.55 டிரைவர் வந்ததும், வன்பொருளில் கைவைக்காமலே பலருக்குச் சிக்கல் அடங்கிவிட்டது.

ஆகவே பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதியதை நிறுவிய பிறகும் தொல்லை தொடர்ந்தால், ஆஃப்டர்பர்னர் போன்ற நிரலில் கார்டின் வேகத்தை 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். விளையாட்டில் வித்தியாசமே தெரியாது. தொல்லை நின்றுவிட்டால் பழுதின் இடம் தெரிந்துவிட்டது. ஒரே நேரத்தில் நான்கு அமைப்புகளை மாற்றாதீர்கள். எது குணப்படுத்தியது என்று பிறகு தெரியவே தெரியாது.

கணினி முழுவதுமே சட்டென்று அணைந்து மீண்டும் தொடங்கினால் கதை வேறு. முதலில் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். கார்டு செருகப்படும் தாய்ப்பலகை ஸ்லாட் வழியாக 75 வாட், ஒவ்வொரு எட்டுமுனை இணைப்பு வழியாகவும் 150 வாட் என்பது தரநிர்ணயக் கணக்கு. நொடியின் மிகச் சிறு பகுதிக்கு அதையும் மீறிக் கார்டு உறிஞ்சும்போது, பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஒரே கேபிளின் இரு கிளைகளைக் கார்டில் செருகியிருந்தால் தனித்தனிக் கேபிள்களாக மாற்றுவது செலவில்லாத முதல் வைத்தியம். வெப்பத்தைப் பலர் முதல் குற்றவாளியாக நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் அது கார்டை மெதுவாக்குமே தவிரச் சாய்க்காது.

சில சமயம் பழி கார்டு மீது விழும், கோளாறு வேறெங்கோ இருக்கும். 2024இல், விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் மென்பொருளான அன்ரியல் என்ஜினில் இயங்கும் விளையாட்டுகள் பல, வீடியோ நினைவகம் போதவில்லை என்று சொல்லி நின்றன. நினைவகம் தாராளமாகவே இருந்தது. காட்சியின் ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களான ஷேடர்களின் தரவைச் சுருக்கத்திலிருந்து விரிக்கும் வேலையில் தவறிழைத்தது இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மையச் செயலி. இன்டெல் அவ்வாண்டு ஆகஸ்டில், செயலிக்குள் இயங்கும் அடிப்படை நிரலான மைக்ரோகோடில் திருத்தம் வெளியிட்டது; உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. கார்டை மாற்றியவர்கள் வீணாகச் செலவழித்திருப்பார்கள்.

கார்டே பழுது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அடையாளமும் உண்டு. கேபிளையும் மானிட்டரையும் மாற்றிய பிறகும், விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் திரையிலேயே புள்ளிகளும் கட்டங்களும் சிதறினால், அங்கே டிரைவரும் இல்லை, விளையாட்டும் இல்லை. நினைவகச் சில்லோ பற்றவைப்போ கெட்டிருக்கிறது. அத்தகைய கார்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கச் சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். உயிர்த்தாலும் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான். உத்தரவாதமோ அன்றைக்கே போய்விடும்.