கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருந்தால் குழந்தை பிறக்காதா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ரெட்ரோவெர்ட்டட் யூட்ரஸ்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில் கவலை தொற்றிக்கொள்ளும். கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கிறது. இதை அடி இறக்கத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் கர்ப்பப்பை கீழே இறங்கிவிடும். இதில் சாயும் திசை மட்டும்தான் வேறு.

தலைகீழாக வைத்த சிறு பேரிக்காய் போன்ற உறுப்பு அது. நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். கீழே இருக்கும் கழுத்துப் பகுதியைத் தசைநார்கள் பிடித்துவைத்திருக்கின்றன. மேல்பகுதிக்கு அசைய நிறைய இடம் உண்டு. பெரும்பாலோருக்கு அது முன்னால் குனிந்து சிறுநீர்ப்பையின் மேல் படுத்திருக்கும். சிறுநீர்ப்பை நிறைந்தால் பின்னால் தள்ளப்படும், காலியானதும் திரும்பி வரும். சிலருக்குப் பிறவியிலேயே சாய்வு பின்பக்கம், மலக்குடலை நோக்கி. சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தசைநார்கள் தளர்ந்து அப்படி ஆகும்.

சரி, கரு தரிக்குமா? தரிக்கும். விந்தணுக்கள் தாமே நீந்துபவை. கர்ப்பப்பைத் தசையின் மெல்லிய சுருக்கங்களும் அவற்றை மேலே ஏற்றிவிடுகின்றன. சாய்வு அதைத் தடுப்பதில்லை. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இடுப்புவலி முதல் மலட்டுத்தன்மை வரை எல்லாப் பழியையும் இந்தச் சாய்வின் மேல் போட்டார்கள். அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாட்ஜ், கர்ப்பப்பையை முன்னால் நிறுத்திவைக்க வளைந்த வளையம் ஒன்றை வடிவமைத்தார். அப்புறம் தசைநார்களைச் சுருக்கிக் கட்டும் அறுவை சிகிச்சைகள் வந்தன. அவற்றில் பல தேவையே இல்லாதவை என்பது பின்னால்தான் புரிந்தது.

மருத்துவர் கவனிக்க வேண்டியது வேறொன்று: கர்ப்பப்பை அசைகிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா? எண்டோமெட்ரியோசிஸ் நோயில், கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்ந்து, தழும்பாகி, கர்ப்பப்பையை மலக்குடலோடு ஒட்டவைத்துவிடலாம். இடுப்புக்குழித் தொற்றும் பழைய அறுவை சிகிச்சையும்கூட இப்படி ஒட்டவைக்கும். மாதவிலக்கில் தாங்க முடியாத வலி, உறவின்போது ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி ஆகியவை இருந்தால் ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று விடக்கூடாது. இப்படி ஒட்டிக்கொண்டவர்களுக்குக் கரு தரிக்கத் தாமதமானால், பெரும்பாலும் காரணம் சாய்வு அல்ல; ஒட்டவைத்த நோய், அல்லது அதனால் பாதிக்கப்பட்ட கருக்குழாய். சிகிச்சையும் அதற்குத்தான்.

காப்பர்-டி பொருத்தும் முன் மருத்துவர் சாய்வைப் பரிசோதிப்பதற்கும் காரணம் உண்டு. திசை தெரியாமல் கருவியைச் செலுத்தினால் கர்ப்பப்பைச் சுவரில் துளை விழலாம்.

கர்ப்பமான பிறகு, 12 முதல் 14 வாரங்களுக்குள் வளரும் கர்ப்பப்பை தானாகவே நிமிர்ந்து இடுப்புக்குழியிலிருந்து மேலே வந்துவிடும். மிக அரிதாக அது உள்ளேயே மாட்டிக்கொண்டு சிறுநீர்ப் பாதையை அழுத்தும். நான்காம் மாதத்தில் சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றி, கர்ப்பப்பையைக் கையால் மெல்லத் தள்ளி மேலே கொண்டுவந்துவிடுவார்கள்.