இலைக்கடியில் பழுப்புப் புள்ளியா? மருந்தைக் கீழே வையுங்கள்

வீட்டுச் செடிகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். பெரணி வளர்ப்பவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். இலையைத் திருப்பிப் பிடித்த ஒரு கட்டைவிரல், பக்கத்தில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். கூடவே ஒரு செய்தி: "பூச்சி அப்பிக்கிடக்கு சார், நேத்தே மருந்து அடிச்சிட்டேன்." புள்ளிகள் என்னைப் பயமுறுத்துவதில்லை. அடித்த மருந்துதான் பயமுறுத்துகிறது.

பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. ஸ்போர் என்கிற தூசி போன்ற துகள்களால்தான் அது பெருகுகிறது. அந்தத் துகள்களைச் சுமக்கும் பைகளின் கொத்துதான் நீங்கள் பார்த்த புள்ளி. செடி நன்றாக முதிர்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு பறவைக்கூட்டுப் பெரணியின் இலைகளைப் பழைய பல்துலக்கியால் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தவன்தான். அதன் ஸ்போர்கள் நடுநரம்பிலிருந்து சாய்ந்த கோடுகளாக ஓடும். 'பூச்சி' எப்படி இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்கிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஒழுங்குதான் அடையாளம். பாஸ்டன் பெரணியில் சிற்றிலைகளின் ஓரத்தை ஒட்டி, இருபுறமும் சமமாகப் புள்ளிகள் இருக்கும். மெய்டன்ஹேர் பெரணியில் இலையின் விளிம்பே மடங்கி அவற்றை மூடியிருக்கும். செதில்போல் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிக்கு இந்த ஒழுங்கு தெரியாது. இலையின் மேலும் கீழும், காம்பிலும்கூடக் கண்ட இடத்தில் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் முழுச் செதிலாகப் பெயர்ந்து வரும். இலையில் பிசுபிசுப்பும் தெரியலாம். அப்படி இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், மோசமான இலைகளை அடியோடு வெட்டுங்கள். பெரணி இலை மென்மையானது. மற்ற செடிகள் தாங்கும் மருந்துகளே, முக்கியமாக எண்ணெய் கலந்தவை, இதைக் கருக்கிவிடும். பிறகு 'நோய் முற்றிவிட்டது' என்று இரண்டாம் முறை அடிப்பார்கள்.

உண்மையில் வீட்டுப் பெரணியை வாட்டுவது பெரும்பாலும் வறண்ட காற்று. 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் இதைத் தற்செயலாகக் கண்டுகொண்டார். நகரத்துப் புகையில் அவர் வளர்க்க முயன்ற பெரணிகள் செத்துக்கொண்டிருந்தன. அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவைப் பார்ப்பதற்காக ஈரமண்ணோடு மூடிவைத்த போத்தலுக்குள்ளோ ஒரு பெரணி தானாக முளைத்தது. ஈரம் உள்ளேயே தங்கியதால், தண்ணீரே ஊற்றாமல் அது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தது.

நம் வீட்டில் செடி மின்விசிறிக்கு நேராகவோ ஏசியின் கீழேயோ இருக்கும். தினமும் இரண்டு முறை நீர் தெளிக்கிறேன் என்பார்கள். தெளித்த ஈரம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அதைவிட, நான்கைந்து தொட்டிகளை நெருக்கி வையுங்கள். கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் ஊற்றி, தொட்டியின் அடி நீரில் படாமல் கல்லின் மேல் நிற்கும்படி வைப்பதும் ஓரளவு உதவும். வெளிச்சம் வேண்டும், வெயில் நேராக விழக்கூடாது.

மண்ணின் மேற்பரப்பு லேசாகக் காயத் தொடங்கியதும் நீர் விடுங்கள். தொட்டிக் கலவையில் உள்ள தேங்காய்நார்த் தூள் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். துளையில் நீர் வருகிறதே என்று நாம் திருப்திப்படுவோம், வேர் தாகத்தில் கிடக்கும். அப்போது தொட்டியை வாளி நீரில் அமுக்கி, குமிழ் வருவது நிற்கும்வரை விடுங்கள். மெய்டன்ஹேர் ஒருநாள் காய்ந்தாலே அப்பளம்போல் நொறுங்கும். குப்பையில் போட்டுவிடாதீர்கள். இலைகளை மண்மட்டத்தில் வெட்டி, ஈரம் குறையாமல் வைத்திருந்தால் சில வாரங்களில் சுருள் சுருளாகத் தளிர் வரும் வாய்ப்புண்டு. பறவைக்கூட்டுப் பெரணியின் நடுக்குழியில் மட்டும் நீர் ஊற்றாதீர்கள், குருத்து அழுகிவிடும். உரம், பொட்டலத்தில் சொன்னதில் பாதி போதும்.

பூனை, நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்று. அஸ்பாரகஸ் பெரணி என்று விற்கப்படுவது பெரணியே அல்ல. அது பூத்துக் காய்க்கும் செடி, அதன் பழங்கள் அவற்றுக்கு நஞ்சு. பாஸ்டன் பெரணியால் அந்த ஆபத்து இல்லை.

புள்ளிகளை இனித் தேய்க்கமாட்டீர்கள் என்றால், நன்கு பழுத்த புள்ளிகள் உள்ள இலை ஒன்றை வெட்டிக் காகித உறையில் போட்டு வையுங்கள். ஓரிரு நாளில் பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். வெந்நீர் ஊற்றி ஆறவைத்த ஈரமான தொட்டிக் கலவையில் அதைத் தூவிக் கண்ணாடியால் மூடுங்கள். சில வாரங்களில் பச்சைப் பாசிபோலப் படரும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் இதயவடிவத் துணுக்கு. முதல் குட்டி இலை எழப் பல மாதமாகும், அதுவரை கண்ணாடியை எடுக்காதீர்கள்.