செகண்ட் ஹேண்ட்: தமிழில் எந்தச் சொல்?

வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கட்டிலை விற்க வேண்டுமென்றால் "ஓஎல்எக்ஸ்ல போட்டுடு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். விற்கும் வேலைக்கு ஒரு நிறுவனத்தின் பெயரையே வைத்துக்கொண்டோம். விற்கப்படும் பொருளுக்கு மட்டும் 'செகண்ட் ஹேண்ட்' என்ற பழைய பெயரே நிற்கிறது. பேச்சில் சிக்கல் இல்லை, எழுத உட்கார்ந்தால்தான் தடுமாற்றம். பழைய, பயன்படுத்திய, பாவித்த, கைமாறிய, இரண்டாம் தர என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். இவை எல்லாம் ஒரே பொருள் தருவன அல்ல. பொருளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை வைத்துப் பார்த்தால் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பது தெளிவாகிவிடும். இணையச் சந்தைகள் எழுந்ததும் விழுந்ததும்கூட அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முதலில் ஆங்கிலச் சொல். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'செகண்ட் ஹேண்ட்' என்பது சரக்கைக் குறிக்கவில்லை, சேதியைக் குறித்தது. நேரில் அறியாமல் இன்னொருவர் வழியாக வந்த செய்தி அது. 16ஆம் நூற்றாண்டு முடியும் வாக்கில்தான் வேறொருவர் பயன்படுத்திய பொருள் என்ற அர்த்தம் சேர்ந்தது. ஆக, சொல்லின் அடியில் இருப்பது பழமை இல்லை. நடுவில் இன்னொரு கை இருக்கிறது என்ற எச்சரிக்கை. (கடிகாரத்தின் நொடிமுள்ளுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். 'அடுத்து வருவது' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து இரண்டுமே வந்தவை. மணியின் முதல் சிறுபிரிவு நிமிடம், இரண்டாம் சிறுபிரிவு நொடி.)

நம் ஊருக்கு வந்ததும் அது 'செகண்ட்ஸ்' என்று சுருங்கியது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. சென்னையில் "செகண்ட்ஸ்ல ஒரு வண்டி வாங்கினேன்" என்றால் வேறொருவர் ஓட்டிய வண்டி. திருப்பூரில் 'செகண்ட்ஸ்' என்றால் யாருமே உடுத்தாத புதுத் துணி. தையல் பிசகியோ சாயம் திட்டாகியோ ஏற்றுமதிக்குத் தேறாமல் நின்ற சரக்கு அது. முதலாவது ஆள் மாறியதைச் சொல்கிறது, இரண்டாவது தரம் குறைந்ததைச் சொல்கிறது. 'இரண்டாம் தரப் பொருள்' என்று மொழிபெயர்ப்பவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். நன்றாக ஓடுகிற வாஷிங் மெஷினை விற்பவர் அதை இரண்டாம் தரம் என்று எழுதினால் வாங்க யார் வருவார்? அந்தச் சொல் திருப்பூர்த் துணிக்கே இருக்கட்டும்.

தமிழில் இந்த வியாபாரத்துக்குச் சொற்பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. பழைய இரும்பு, தகரம், உதிரிபாகம் வாங்கி விற்கும் கடைக்குச் சென்னையில் காயலான்கடை என்று பெயர். காயல்பட்டினத்திலிருந்து வந்து அந்தத் தொழிலைச் செய்த வணிகர்களால் ஏற்பட்ட பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்குப் பாத்திரம் என்று தெருவிலேயே மாற்றிக்கொண்டவர்கள் நாம். இனி எதற்கும் உதவாது என்றால் "பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்பார்கள். 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய புத்தகத்துக்கும் கிராமபோன் தட்டுக்கும் பெயர்போனது. 1985இல் தீக்கு இரையாகும் வரை அங்கே கிடைக்காத பழம்பொருள் இல்லை என்பார்கள். புதுப்பேட்டைக்குப் போனால் இன்றைக்கும் வண்டியின் எந்தப் பாகத்துக்கும் ஜோடி தேடலாம்.

இத்தனை இருந்தும் 'காயலான்கடைப் பொருள்' என்பது செகண்ட் ஹேண்டுக்கு ஈடாகாது. அந்தப் பெயரிலேயே உடைசல் என்ற இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பழைய பொருள்' என்பதும் கொஞ்சம் கோணல்தான். ஆறு மாதம் கையில் வைத்திருந்த செல்போன் பழையதா? கடையில் மூன்று வருடம் தூசி படிந்து கிடந்த புதுச் செல்போன் பழையது ஆகாதா? காலத்தைச் சொல்லும் சொல் பயன்பாட்டைச் சொல்வதில்லை. 'பழம்பொருள்' என்று எழுதினால் இன்னும் மோசம், கலைப்பொருள் சேகரிப்பவர்கள் வந்து நிற்பார்கள்.

இனி சந்தைக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'மார்க்கெட்பிளேஸ்' என்கிறார்களே, அதற்குச் சந்தை என்ற சொல்லை விடப் பொருத்தமானது எதுவும் இல்லை. வாரச்சந்தையைக் குத்தகை எடுத்தவர் கத்தரிக்காய் விற்பதில்லை. இடத்தைக் கொடுத்து, கடை போட்டவர்களிடம் சுங்கம் வசூலிக்கிறார். பியர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் தொடங்கிய ஏலத்தளம் செய்ததும் இதைத்தான். அதில் முதலில் விலைபோனதாகச் சொல்லப்படுவது உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதானே வாங்கினீர்கள் என்று அவரே கேட்டாராம். உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்ததாம். 1997இல் அந்தத் தளம் ஈபே ஆயிற்று. எக்கோ பே என்று வைக்க நினைத்த பெயரை ஒரு தங்கச் சுரங்க நிறுவனம் முன்பே பதிந்துவிட்டதால் சுருக்கிக்கொண்ட பெயர் அது.

இந்தியாவில் ஈபே 2004இல் பாஸி என்ற ஏலத்தளத்தைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டு நுழைந்தது. முகம் தெரியாதவருக்கு முன்பணம் கட்டி, ஏலம் கேட்டு, தபாலில் வரும் பழைய பொருளுக்குக் காத்திருக்க நம் ஆட்கள் பெரிதாகப் பழகவில்லை. 2017இல் ஈபே தன் இந்தியத் தளத்தை ஃபிளிப்கார்ட்டிடம் ஒப்படைத்து, அந்த நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலீடும் செய்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தளம் மூடப்பட்டது.

நமக்கு ஒத்துவந்தது இன்னொரு வடிவம்: வரி விளம்பரம். நாளிதழின் உள்பக்கத்தில் இத்தனை வரிக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் போடும் விளம்பரம் அது. (இந்த 'வரி' அரசாங்கத்துக்குக் கட்டும் வரி இல்லை, எழுத்து வரி.) ஃபாப்ரிஸ் கிரிண்டாவும் அலெக் ஆக்ஸன்ஃபோர்டும் 2006இல் தொடங்கிய ஓஎல்எக்ஸ் அந்த வரிக்கணக்கைத் தூக்கி எறிந்தது. படம் போடலாம், காசு வேண்டாம். 2008இல் வந்த குவிக்கர் அதற்கு முன் ஈபேயின் கிஜிஜி என்ற தளமாக இங்கே இருந்தது. கிஜிஜி சுவாஹிலிச் சொல், பொருள் ஊர். குவிக்கர் என்ற பெயரில் தெரிவது வேகம். ஊரிலிருந்து வேகத்துக்குப் பெயர் மாறியது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அந்தக் காலத்து விளம்பரங்களை நினைத்துப் பார்த்தால் எல்லாமே 'உடனே வித்துடு' பாணிதான். 2010களின் நடுவில் குவிக்கரின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியது.

அப்புறம் ஏன் சரிந்தன? இலவசம் என்பதே முதல் காரணம். குத்தகைக்காரர் சுங்கம் வாங்காவிட்டால் சந்தையைக் கூட்டிப் பெருக்குவதற்குப் பணம் எங்கிருந்து வரும்? தளம் அறிமுகம் செய்துவைக்கும், பேரமும் பணமும் வெளியே கைமாறும். அதில் ஒரு பைசாவும் தளத்துக்கு இல்லை. விற்பனையே தளத்துக்கு வெளியே நடப்பதால் ஏமாற்றியவரைப் பிடிக்கவும் வழியில்லை. ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றலாகிப் போகிறேன் என்று சொல்லி, இல்லாத வண்டிக்கு முன்பணம் வாங்கிய கதைகள் ஊர் அறிந்தவை. விற்பவருக்கே கியூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று பணத்தை உருவியதும் இங்கேதான் பிரபலமானது. (பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ வேண்டியதே இல்லை.) 2016இல் ஃபேஸ்புக் தன் மார்க்கெட்பிளேஸைத் திறந்தது. அங்கும் இலவசம், கூடவே விற்பவரின் முகமும் பெயரும் தெரிகிற ஒரு தெம்பு. அந்தத் தெம்பு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது வேறு கதை.

இந்த இடத்தில்தான் சொல் மாறியது. தெருவில் செகண்ட் ஹேண்டாக இருந்த கார், ஷோரூமுக்குள் போனதும் 'ப்ரீ ஓன்டு' ஆனது. சான்று ஒன்றும் சேர்ந்தால் 'சர்டிஃபைடு ப்ரீ ஓன்டு'. செல்போன் 'ரீஃபர்பிஷ்டு', பட்டுப்புடவை 'ப்ரீ லவ்டு'. வெறும் மேல்பூச்சு என்று ஒதுக்கிவிடலாம்தான், பாதி அப்படித்தான். மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது: இடையில் ஒரு நிறுவனம் வந்து, பொருளைத் தானே வாங்கி, சோதித்து, தன் பெயரில் விற்கிறது. கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை செய்வது இதைத்தான். பொறுப்பு இப்போது ஒரு கடையின் தலையில். சந்தை கடையாகிவிட்டது. ஆனால் வாங்கிய சரக்கு விலைபோகாமல் நின்றால் நஷ்டமும் கடைக்குத்தான். ஓஎல்எக்ஸும் கார்களைத் தானே வாங்கி விற்க இறங்கிப் பார்த்தது. 2023இல் அதன் இந்தியத் தொழிலைக் கார்ட்ரேடு நிறுவனம் 537 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டது. 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி மன்றம் பயன்படுத்திய கார்களுக்கு 18 சதவீதம் என்று அறிவித்ததும் பலர் பதறினார்கள். அது பதிவுபெற்ற வியாபாரியின் லாப வித்தியாசத்தின் மேல் விழும் வரி. நீங்கள் உங்கள் காரைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றால் இல்லை, படிவம் 29, 30 நிரப்பிப் பெயர் மாற்றினால் போதும்.

சந்தையாகவே இருந்துகொண்டு பொறுப்பையும் ஏற்ற தளங்கள் வெளிநாட்டில் பிழைத்தன. 2013இல் தொடங்கிய ஜப்பானின் மெர்காரி, வாங்குபவர் கட்டிய பணத்தைத் தானே பிடித்து வைத்திருக்கும். பொருள் சரியாக வந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் விற்றவருக்குக் கொடுக்கும், அதற்கு 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2008இல் லிதுவேனியாவில் ஆடை மாற்றிக்கொள்ளப் பிறந்த வின்டெட், விற்பவரிடம் எதுவும் வாங்காமல், பாதுகாப்புக் கட்டணம் என்று வாங்குபவரிடம் வசூலிக்கிறது. 2023இல் அது முதன்முதலாக லாபம் காட்டியது. தனிநபர் விற்பனையாளர்களிடம் வாங்கிய கட்டணத்தை ஈபே அதே ஆண்டு ஜெர்மனியிலும் அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் கைவிட வேண்டியதாயிற்று.

இலங்கைக்குப் போனால் சொல்லும் மாறும், சந்தையும் மாறும். அங்கே 'பாவித்த' என்பதுதான் வழக்கு: பாவித்த வாகனம், பாவித்த தளபாடம். பாவித்தல் அங்கே அன்றாட வினை என்பதால் கூச்சமின்றி வந்து உட்காருகிறது. 2012இல் வந்த இக்மன் தளம் அங்கே பெரிய சந்தை. பெயர் சிங்களச் சொல், பொருள் விரைவு, குவிக்கருக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. வாகன விளம்பரத்தில் அங்கே மூன்று நிலைகள் உண்டு: புத்தம் புதியது, ஜப்பானில் ஓடி இறக்குமதியாகி இன்னும் இலங்கையில் பதியப்படாத 'ரீகண்டிஷன்', உள்நாட்டில் பாவித்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, வாங்கிய விலையை விடக் கூடுதலாகப் பாவித்த வாகனங்கள் விலைபோயின. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது.

தமிழ்நாட்டில் 'பாவித்த' என்றால் பலருக்கு 'பாவனை செய்த' என்று படும். இங்கே பொதுவாக எழுத 'பயன்படுத்திய' போதும். விளம்பரம், விலைப்பட்டியல், அரசு அறிவிப்பு எங்கும் அது நிற்கும். செகண்ட் ஹேண்டின் நேரடி ஈடு வேண்டுமென்றால் நான் 'கைமாறிய' என்பதையே எடுப்பேன். "மூணு கை மாறின வண்டி" என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். கைகளை எண்ணும் வழக்கு நம் பேச்சிலேயே இருக்கும்போது 'இரண்டாம் கைப் பொருள்' என்ற மரக்கட்டைத் தமிழ் எதற்கு? அதுவும் முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினாலும் நான்காமவரிடமிருந்து வாங்கினாலும் ஆங்கிலத்துக்கு எல்லாம் 'செகண்ட்'தான். கைமாறிய என்பதில் அந்தத் தொல்லை இல்லை. எத்தனை என்று கேட்டால் எண்ணிச் சொல்லலாம். 'கைமாற்றுச் சந்தை' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். கைமாற்று என்பது சில்லறைக் கடன், வட்டிக்கடை என்று நினைத்துக்கொள்வார்கள். தளத்துக்கு 'மறுவிற்பனைச் சந்தை' என்பது சரியாக வரும். நிறுவனமே வாங்கி விற்றால் 'மறுவிற்பனைக் கடை'.

'ரீஃபர்பிஷ்டு' என்பதைப் 'புதுப்பித்த' என்று எழுதுகிறார்கள். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், சந்தாவைப் புதுப்பிக்கிறோம். செல்போனைப் பிரித்து பேட்டரி மாற்றி விற்பதற்குச் 'செப்பனிட்ட' என்பதே பொருத்தம், செய்த வேலை அதில் தெரிகிறது. 'ப்ரீ ஓன்டு' என்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை, அதுவும் கைமாறியதுதான். 'சான்றுபெற்ற' என்று முன்னால் போடும்போது யார் கொடுத்த சான்று என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.