பெர்மாஃப்ராஸ்ட்: ‘நிரந்தர உறைபனி’ என்ற சொல் சரிதானா?

வடதுருவக் கடலோரம் இடிந்து விழுகிறது என்று தமிழில் எதைப் படித்தாலும் ‘நிரந்தர உறைபனி’ என்ற சொல் எதிர்ப்படும். பெர்மாஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து, பாதிக்குப் பாதி தமிழாக்கியது இது. படித்ததும் மனதில் வருவது வெள்ளை வெளேரென்ற பனிப்பரப்பு. அந்த நினைப்போடு, அலாஸ்காவின் வடகரையில் இருக்கும் ட்ரூ பாயின்ட்டைக் கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள், வெள்ளையையே காணோம். பழுப்பும் மங்கிய பச்சையுமாக ஒரு சமவெளி, அதில் காய்ந்த குளத்து வண்டல் வெடித்தது போலப் பலகோணக் கட்டங்கள், நடுநடுவே ஏரிகள், அவ்வளவுதான். அதாவது நாம் வைத்திருக்கும் சொல், படத்தில் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்க விடாமல் செய்கிறது.

பெர்மாஃப்ராஸ்ட் என்பது பனியே அல்ல, நிலம். தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கிற மண்ணும் பாறையும் எல்லாமே இதில் சேர்த்தி. உள்ளே பனிக்கட்டி இருந்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை, ஈரமே இல்லாத பாறையும் இந்தக் கணக்கில் வரும். உறைபனி என்றால் தமிழில் விடியற்காலை புல்நுனியில் படிந்து வெயில் ஏறினால் போய்விடுவது, அதற்கும் இதற்கும் ஒட்டே இல்லை.

‘நிரந்தரம்’ எங்கிருந்து வந்தது என்றால், ரஷ்யாவிலிருந்து. அங்கே இதை ‘வேச்னயா மெர்ஸ்லதா’, அதாவது என்றென்றைக்குமான உறைவு என்பார்கள். மிகயீல் சும்கின் 1927-இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அமெரிக்காவில் சீமன் முல்லர் என்ற நிலவியலாளர் (ரஷ்யாவில் பிறந்தவர்), இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், ராணுவப் பொறியியல் தேவைக்காக ரஷ்ய ஆய்வுகளைத் தொகுத்தபோது ‘பெர்மனென்ட்’, ‘ஃப்ராஸ்ட்’ இரண்டையும் ஒட்டி பெர்மாஃப்ராஸ்ட் என்று சுருக்கினார். ரஷ்ய அறிவியலாளர்களோ பின்னால் ‘என்றென்றைக்கும்’ என்பதைக் கைவிட்டு, ‘பல்லாண்டு உறைவு’ என்று பொருள்படும் சொல்லுக்குப் பெரும்பாலும் மாறிவிட்டார்கள். மூலத்தில் திருத்திவிட்ட பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

என் விருப்பம் ‘நீடுறைநிலம்’. நீடு, உறை, நிலம். பருவத்துக்கு மட்டும் உறைவதைப் ‘பருவ உறைநிலம்’ என்று பிரித்துச் சொல்லவும் வசதி. தமிழில் உறைதலுக்குத் தங்கியிருத்தல் என்றும் பொருள் உண்டு, உறைவிடம் என்கிறோமே. குளிர் நெடுங்காலம் தங்கிய நிலம் என்ற பொருளும் கூடவே கிடைத்துவிடுகிறது.

இன்னொரு பிழை வினைச்சொல்லில். ‘நிரந்தர உறைபனி உருகுகிறது’ என்று எழுதுகிறார்கள். பனிக்கட்டி உருகும், சரி. மண் உருகுமா? உறைந்த மண் இளகும். வெயிலில் தார் இளகுவது போல, கெட்டியாக நின்றது குழைந்து பிடிப்பை விடுவது. ஆங்கிலத்திலும் இந்தத் துறையில் இருப்பவர்கள் இரண்டையும் தனித்தனி வினைகளால்தான் சொல்வார்கள், நமக்கோ ‘இளகு’ என்று கச்சிதமான சொல் கையிலேயே இருக்கிறது.

ஆனால் ‘கடலரிப்பு’ என்ற சொல்லை நான் தொடவே மாட்டேன், அவ்வளவு பொருத்தம். ஆங்கில ‘எரோஷன்’ வந்த லத்தீன் வினைக்கும் கொறித்துத் தின்பது என்றுதான் பொருள். கரையான் அரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், மேலே எல்லாம் நன்றாக இருக்கும், உள்ளே இருக்காது. ட்ரூ பாயின்ட்டில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். கடற்பனி விலகிய மாதங்களில் அலையும் புயலும் கரைமேட்டின் அடியைக் குடைகின்றன. குளிர்ந்த மண்ணுக்குக் கடல்நீர் வெந்நீர் மாதிரி, அடி இளகி ஆழமான பொந்தாகிறது. மேலே பார்த்தோமே, அந்தக் கட்டங்களின் கோடுகளுக்குக் கீழே பனி ஆப்புகள் இறங்கியிருக்கின்றன. குளிர்கால வெடிப்பில் வசந்தத்து உருகுநீர் இறங்கி உறைந்து, நூற்றாண்டுகளாகத் தடித்தவை அவை. தாங்க அடியில் ஒன்றுமில்லாதபோது நிலம் அந்த ஆப்பு ஓரமாகவே பிளந்து, புல்தரையோடு ஒரு பெரும் பாளமாகக் கடலில் சாய்கிறது. அதில் இருக்கும் பனிக்கட்டி உருக, மண் கரைய, சில நாட்களிலோ வாரங்களிலோ பாளம் இருந்த இடமே தெரியாது. அங்கே 2007 முதல் 2016 வரை கரை ஆண்டுக்குச் சராசரியாக 17 மீட்டர் பின்வாங்கியது.

வடதுருவக் கரைகள் முழுவதுக்கும் கணக்கிட்ட சராசரி ஆண்டுக்கு அரை மீட்டர்தான். இதைச் செயற்கைக்கோள் படத்தில் அளப்பதில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர், ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். அரை மீட்டர் வேகத்தில் கரை ஒரு சென்டினல் பிக்சலைக் கடக்க 20 ஆண்டு, லேண்ட்சாட் பிக்சலைக் கடக்க 60 ஆண்டு ஆகும், ஆனால் லேண்ட்சாட் வரிசையே 1972-இல்தான் தொடங்கியது. அதனால்தான் பழைய வான்படங்களையும், 1960-களில் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து 1995-இல் ரகசியம் நீக்கப்பட்ட படங்களையும் தேடி எடுத்து, ஒரு மீட்டருக்கும் நுணுக்கமான இன்றைய படங்களோடு பொருத்துகிறார்கள். இதில் இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது சில மீட்டர் நழுவினால்கூட நிலத்தில் நடக்காத அரிப்பு கணக்கில் ஏறிவிடும். மேகமும் துருவ இரவும் மறைக்கும் காலத்துக்கு சென்டினல்-1 போன்ற ரேடார் இருக்கிறது.

அப்புறம் ‘கரைக்கோடு’. எந்தக் கோடு? நீர் தொடும் கோடு காற்றுக்கும் ஓதத்துக்கும் ஏற்ப முன்பின் போகும், விழுந்த பாளம் கரையாமல் கிடக்கும்வரை கரை வளர்ந்துவிட்டதாகக்கூடக் காட்டும். ஆகவே மேட்டின் மேல்விளிம்பைத்தான், புல் முடிந்து வெறும் மண் தொடங்கும் இடத்தைத்தான், பெரும்பாலும் படத்தில் வரைகிறார்கள். தமிழில் எழுதும்போது இரண்டையும் கரைக்கோடு என்று கலக்காமல், கீழே இருப்பதை நீர்க்கோடு என்றும் மேலே இருப்பதை மேட்டுவிளிம்பு என்றும் பிரித்தே எழுதலாம்.