மழையில் இடம் மாறும் பிடி

ஆடிச் சாரலில் அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் பேருந்தில் ஏறினால் நான் முன் இருக்கையைத்தான் தேடுவேன். ஓட்டுநரின் கையைப் பார்ப்பதற்காக. சக்கரங்கள் ஓடி ஓடி வழவழப்பான தடத்தை விட்டு, ஒரு முழம் தள்ளியே வண்டியைக் கொண்டுபோனார் ஒருவர். கேட்டேன். "அதுல தண்ணி கெடக்கும் தம்பி, பைய ஒதுங்கித்தான் போவணும்" என்றார். பார்முலா ஒன் கார் பந்தய வீரர்கள் மழையில் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

காய்ந்த தளத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் வளைவார்கள். டயர் தேய்ந்து அந்தக் கோட்டில் ரப்பர் படியும். வெயிலில் அதுதான் நல்ல பிடி. மழை விழுந்ததும் அதுவே பாசி பிடித்த படித்துறை மாதிரி ஆகிவிடும். டயரைக் கவ்வ வேண்டிய சிறு கற்களின் சொரசொரப்பை ரப்பர் மூடிவிடுகிறதே! அதனால் மழையில் பலரும் வளைவின் வெளிப்பக்கமாக, ரப்பர் படியாத இடமாகப் போவார்கள். 1993இல் இங்கிலாந்தின் டானிங்டன் பந்தயத்தில், தொடங்கியதும் ஐந்தாம் இடத்துக்கு இறங்கிய பிரேசில் வீரர் அயர்டன் செனா, அந்த முதல் சுற்று முடிவதற்குள் நான்கு பேரைத் தாண்டி முன்னால் வந்தார். சிறுவயதில் கார்ட் எனும் குட்டி வண்டிப் பந்தயத்தில் மழையில் தோற்றவர் அவர். அப்புறம் மழை வரும்போதெல்லாம் வண்டியை எடுத்துப் பழகியிருக்கிறார்.

தண்ணீர் தேங்கிவிட்டால் கதை வேறு. டயர் தண்ணீரை ஒதுக்க நேரமில்லாமல் அதன் மேலேயே ஏறி மிதக்கும். எந்த வேகத்தில் மிதக்கும் என்பது பெரும்பாலும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. நாசா விமான டயர்களுக்குக் கண்ட கணக்கைப் போட்டால், 32 பவுண்டு காற்றடைத்த கார் டயருக்கு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். ஐப்பசி மழையில் நம் நான்குவழிச் சாலையில் சாதாரணமாகப் போகிற வேகம்! டயர் தேய்ந்திருந்தால் இன்னும் முன்பே மிதக்கும். பந்தய மழை டயர் ஒன்று 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர், அதாவது ஐந்தாறு குடம் தண்ணீரை வாரி இறைக்கிறது. அதுவும் போதாமல் போகும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். அந்த நொடியில் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை வெட்டாமல், ஆக்ஸிலேட்டரை மட்டும் பைய விடுவதுதான் திறமை.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது மழை விட்ட பிறகு எடுக்கும் முடிவு. கார்கள் ஓட ஓட ஒரு வண்டி அகலத்துக்கு மட்டும் தடம் காயும். இப்போது பழைய கோட்டில்தான் பிடி, விலகினால் வழுக்கல். காய்ந்த தளத்தில் மழை டயர் சூடேறிப் பிய்யும். அதைக் குளிர்விக்க நேர்சாலையில் தேடிப்போய் ஈரத்தில் ஓட்டுவார்கள். காய்ந்த தளத்துக்கான, வரிப்பள்ளம் இல்லாத வழவழ டயருக்கு முந்தி மாறினால் சறுக்கல், பிந்தினால் நேரம் போச்சு. 2011 கனடா பந்தயத்தில் ஒரு கட்டத்தில் கடைசி இடத்தில் இருந்தார் ஜென்சன் பட்டன். கடைசிச் சுற்றில் முன்னால் போன செபாஸ்டியன் வெட்டல் காய்ந்த கோட்டை விட்டுக் கொஞ்சம் ஈரத்தில் சறுக்கினார். பட்டன் தாண்டிப்போய் ஜெயித்தார்.