விழாமல் தப்பிய அந்த இரண்டு நொடிகள்

திருப்பத்தில் கொஞ்சம் மணல் கிடக்கிறது. பைக்கின் பின் சக்கரம் சர்ரென்று வெளியே வழுக்கி, சட்டென்று மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஓட்டியவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. வண்டி தன் போக்கில் போய்விடுகிறது. அடியில்லை, சேதமில்லை. எந்தப் பதிவேட்டிலும் இது ஏறாது.

ஆனால் ஒரு சாலை எங்கே ஆபத்தானது என்று அறிய, இப்படித் தப்பியவைதான் ஏராளமாகக் கிடைக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 100 கார்களில் கருவி பொருத்திச் சுமார் ஓராண்டு கவனித்தார்கள். பதிவான மோதல்கள் 69. மயிரிழையில் தப்பியவை 761. பைக்கிலும் இவற்றைத் தானாகக் கண்டுபிடிக்க முடிந்தால், யாராவது விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

கைபேசியில் இருக்கும் அதே சென்சார்கள் போதும்: முடுக்கமானி (தன்மேல் படும் விசையை அளப்பது), ஜைரோஸ்கோப் (சுழலும் வேகத்தை அளப்பது), கூடவே வேகத்துக்கு ஜிபிஎஸ். நொடிக்கு 100 முறை அளக்கலாம். சிக்கல், பைக் சாய்வதில் இருக்கிறது.

ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரை பைக்கில் கட்டிக்கொண்டு சீராகத் திரும்புங்கள். தண்ணீர் சிந்தாது. வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் மொத்த விசை அதன் அடிப்பக்கம் நோக்கியே இழுக்கும். அந்தத் தண்ணீரைப் போலத்தான் முடுக்கமானியும் ஏமாறுகிறது: 27 டிகிரி சாய்ந்திருந்தாலும் பக்கவாட்டில் ஏறக்குறைய பூஜ்யம் என்றே சொல்லும். ஜைரோஸ்கோப் ஏமாறாது, சாயும் வேகத்தை நேரடியாக அளக்கும். ஆனால் அந்த வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் கோணம் கணக்கிடும்போது சின்னச் சின்னப் பிழைகளும் சேர்ந்துவிடும். அதனால் வண்டி நேராக ஓடும் நேரங்களில் முடுக்கமானியைக் கொண்டு அந்தப் பிழையைத் திருத்திக்கொள்கிறார்கள்.

சரி, சாய்வு தெரிந்துவிட்டது. இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 27 டிகிரி சாய்ந்த பைக், நொடிக்குச் சுமார் 29 டிகிரி திரும்பியாக வேண்டும். வேகம், சாய்வு, திரும்பும் வேகம் மூன்றும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. மணலில் பின் சக்கரம் வழுக்கும்போது சாய்வு அப்படியே இருக்க, திரும்பும் வேகம் மட்டும் திடீரென எகிறும். அந்தக் கட்டு அறும் கணம்தான் கணினி தேடும் தடயம். எண் பெரியதா சிறியதா என்று பார்த்தால் ஏமாந்துபோவோம்: நன்றாக ஓட்டத் தெரிந்தவர் ஆழமாகச் சாய்வார், அவருக்கு அது சாதாரணம்.

பிரேக்கிலும் இதே கதைதான். புவியீர்ப்பில் 0.6 மடங்கு அளவுக்கு வேகத்தைக் குறைப்பது பலமான பிரேக். பழகியவர் அதைப் படிப்படியாக ஏற்றுவார். பதறியவர் ஒரே பிடியில் எட்டிவிடுவார். ஆகவே பிரேக் எவ்வளவு விரைவாக ஏறியது, அதே கணத்தில் வண்டி இடமும் வலமும் ஆடியதா என்று சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அப்புறம், பள்ளங்கள். பள்ளத்தில் இறங்கினாலும் சென்சார் அளவுகளின் வரைபடக் கோடு துள்ளும், ஆனால் இரண்டு முறை. முன் சக்கரமும் பின் சக்கரமும் 1.3 மீட்டர் தள்ளியிருந்தால், அதே 36 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது துள்ளல் 0.13 நொடி கழித்து வரும். இந்த ஜோடியைக் கண்டால் ஒதுக்கிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், கணினிக்குக் கற்றுக்கொடுக்க யாராவது ஒருவர் வீடியோவையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். மணிக்கணக்கான சாதாரண ஓட்டத்துக்கு நடுவே, இரண்டே நொடிகள். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, ஒரு நாய் குறுக்கே ஓடியதைப் பார்த்து, 'ஆம், இது தப்பியது' என்று குறித்துவைக்கிறார்.